வழக்கேறிய பாட்டு வரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் பாடலாசிரியர் பாப் டிலனைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2016ஆம் ஆண்டு அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கொடுத்தது பொருந்தாத செயல் என்றும், மெட்டைக் கழித்துவிட்டுத் தாளில் வைத்துப் பார்த்தால் அவர் வரிகளில் பாதி நிற்காது என்றும், அவருடைய செல்வாக்கு என்று சொல்லப்படுவதெல்லாம் 1960களில் இளைஞர்களாக இருந்தவர்களின் பழைய நினைவுதான் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முதல் கருத்தைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அது கொடுத்தவர்கள் பாடு, வாங்கியவர் பாடு. இரண்டாவது கருத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். மூன்றாவதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தவன் என்ற முறையில், ஒரு பாட்டு வரி யாருடைய பழைய நினைவையும் நம்பியிராமல் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது என்பதற்கு என் தொழில் சார்ந்த சில சான்றுகளை முன்வைக்க விரும்புகிறேன்.

தமிழில் ‘வழக்கு’ என்ற ஒரே சொல் மக்கள் பேச்சில் வழங்குவதையும் குறிக்கிறது, நீதிமன்றத்தில் நடப்பதையும் குறிக்கிறது. டிலனின் வரிகள் இரண்டு பொருளிலும் வழக்கேறியவை.

1965இல் அவர் மூச்சுவிடாமல் பொழிகிற ஒரு பாட்டில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வானிலை ஆய்வாளர் எதற்கு என்ற பொருளில் ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது. 1981இல் கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில், வீட்டுமனைத் தரகர் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்ற வழக்கு வந்தது. அந்தக் கவனக்குறைவை நிரூபிக்க நிபுணர் சாட்சியம் வேண்டுமா, சாதாரண மனிதரின் பொது அறிவு போதாதா என்பது கேள்வி. நிபுணர் சாட்சியம் எப்போது தேவை என்பதற்கான சரியான விதியை பாப் டிலன் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார் என்று எழுதி, நீதிமன்றம் அந்த வரியைத் தீர்ப்பில் சேர்த்தது. அதற்குப் பிறகு அதே கேள்வி எழுந்த வழக்குகளில் அந்த வரி மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டிருக்கிறது. டென்னசி பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் அலெக்ஸ் லாங் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நீதிபதிகளும் சட்ட இதழ்களில் எழுதுவோரும் மேற்கோள் காட்டும் பாடலாசிரியர்களில் டிலனே முதலிடத்தில் இருப்பதாகக் கண்டார். நம் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் குறள் வருவது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் குறளுக்குப் பின்னால் பல நூற்றாண்டுகளின் பள்ளிப்பாடமும் உரைகளும் நிற்கின்றன. உயிரோடு ஊர் ஊராகப் பாடித் திரியும் ஒருவரின் இசைத்தட்டு வரி, பதினாறே ஆண்டுகளில் சாட்சியச் சட்டத்துக்கு விளக்கமாக வந்து நிற்பது வேறு விதமான செய்தி.

அதே வரிக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. 1969 ஜூன் மாதம் அமெரிக்க மாணவர் இயக்கத்திலிருந்து பிரிந்த தீவிரவாதக் குழு ஒன்று தன் கொள்கை அறிக்கைக்கு அந்த வரியையே தலைப்பாக வைத்தது. ‘வெதர்மேன்’ (வானிலை ஆய்வாளர்) என்ற பெயரும் அதிலிருந்தே பிறந்தது. 1970 மார்ச்சில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு வீட்டில் அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்த குண்டு வெடித்து, அவர்களிலேயே மூன்று பேர் இறந்தார்கள். டிலன் முதன்முதலில் கிடாரோடு காபிக் கடைகளில் பாடிப் பெயர் வாங்கிய அதே கிரீனிச் வில்லேஜ். ஒரே வரியை வெடிகுண்டு செய்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள், தீர்ப்பு எழுதியவர்களும் எடுத்துக்கொண்டார்கள். எழுதியவரின் அனுமதியையோ கருத்தையோ இரு தரப்பும் கேட்கவில்லை. பழமொழிக்கு நேர்வதும் இதுதான். யாரும் பழமொழி சொன்னவனைத் தேடிப்போய் இப்படிப் பயன்படுத்தலாமா என்று கேட்பதில்லை.

இதைவிட எனக்குச் சுவையாகப் படுவது 2008 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. பொதுத் தொலைபேசிக் கூண்டுகளை வைத்திருந்த சிறு உரிமையாளர்களுக்குப் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் பணம் பாக்கி வைத்திருந்தன. தனித்தனியே வழக்குப் போட்டுக் கட்டுப்படியாகாது என்பதால், அந்த உரிமையாளர்கள் தங்கள் பாக்கிக் கோரிக்கைகளை வசூல் செய்து தரும் அமைப்புகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வசூலாகும் பணம் முழுவதையும் அந்த அமைப்புகள் உரிமையாளர்களுக்கே திருப்பித் தந்துவிட வேண்டும். அமைப்புகளுக்குத் தனியாகக் கட்டணம் மட்டும் உண்டு. அப்படியானால் அந்த அமைப்புகளுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டா? உண்டு என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். இல்லை என்று சொன்ன நால்வர் சார்பில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு இழப்பதற்கும் ஒன்றும் இல்லை என்ற டிலனின் வரியை மேற்கோள் காட்டி, 1965இல் வந்த ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ என்ற பாட்டின் பெயரையும், அது இடம்பெற்ற ஆல்பத்தின் பெயரையும், வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையும் முன்தீர்ப்பைக் குறிப்பதுபோல ஒழுங்காகக் குறிப்பிட்டார்.

குறிப்பு ஒழுங்காக இருந்தது. வரிதான் சற்றுப் பிசகிவிட்டது. இசைத்தட்டில் டிலன் பாடுவது தெருப்பேச்சு ஆங்கிலம்; அதில் ‘எயிண்ட்’ என்ற எதிர்மறைச் சொல்லும் ‘நத்திங்’ என்ற எதிர்மறைச் சொல்லும் அடுத்தடுத்து வரும். பள்ளி இலக்கணப்படி இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு ஆகிவிடும். தெருவில் அப்படி ஆவதில்லை, ஒன்று மற்றொன்றை அழுத்தும். தலைமை நீதிபதியின் தீர்ப்பில் அந்த ‘எயிண்ட்’ காணாமல் போயிருந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைச் சுட்டிக்காட்டி ஒரு தனிக் கட்டுரையே வெளியிட்டது. வேடிக்கை என்னவென்றால், டிலனின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அச்சிட்டிருந்த வரியிலும் அந்தச் சொல் இல்லை. ஆக, தீர்ப்பு சான்றாகக் காட்டியது இசைத்தட்டை, எடுத்து எழுதியது தாளில் இருந்ததை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை; எங்கள் தொழிலில் இதைவிட மோசமான பிசகுகளை நானே செய்திருக்கிறேன். ஆனால் தங்கள் கட்டுரையாளர் கேட்கும் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருப்பதாக நினைக்கிறேன். தாளில் வைத்துப் பார்த்தால் டிலனின் வரி நிற்காது என்கிறார் அவர். தாளில் வைத்தவுடன் அது ஒரு சொல்லை இழந்துவிடுகிறது, அந்தச் சொல்லோடு அந்தப் பெண்ணின் நிலைமையும் போய்விடுகிறது என்பதே என் பதில். அந்தப் பாட்டு நல்ல பள்ளிக்கூடத்தில் படித்து, உயர்ந்த உடை உடுத்தி, பிறகு தெருவுக்கு வந்துவிட்ட ஒருத்தியைப் பார்த்துப் பாடப்படுவது. படித்தவர்களின் இலக்கணத்திலிருந்து அவள் வெளியே விழுந்துவிட்டாள் என்பதை அந்த ஒரு கொச்சைச் சொல்லே சொல்லிவிடுகிறது. அதைத் திருத்தினால் வரி சரியாகிவிடும், அவள் மீண்டும் வீட்டுக்குள் போய்விடுவாள்.

அந்த இசைத்தட்டு வெளிவந்தபோது ராபர்ட்ஸுக்குப் பத்து வயது. பழைய போராட்டக்காரரின் நினைவு ஏக்கம் என்று அவரைச் சொல்ல முடியாது; அரசியலில் அவர் அந்தக் கூட்டத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இருப்பவர். இரண்டு ஆண்டு கழித்து அதே நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்காலியா, காலம் மாறிக்கொண்டிருக்கிறது என்ற டிலனின் புகழ்பெற்ற பாட்டின் தலைப்பை எடுத்து, கடமையைத் தட்டிக்கழிக்க அது ஒரு சொத்தைச் சாக்கு என்று எழுதினார். அவர் ஏளனமாகவே எழுதினார். ஆனால் வாசகர் அனைவருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் ஏளனம் செய்ய முடியும்.

நீதிமன்றத்துக்கு வெளியே இந்த வரிகள் சென்ற தூரத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1976இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்திய ஜிம்மி கார்ட்டர், டிலனின் பெயரைச் சொல்லி, இந்த அமெரிக்கா பிறந்துகொண்டிருக்கிறது, இறந்துகொண்டிருக்கவில்லை என்றார். மூலத்தில் அது வாழ்த்து அல்ல, எச்சரிக்கை: பிறப்பதில் மும்முரமாக இல்லாதவன் இறப்பதில் மும்முரமாக இருக்கிறான் என்பது வரி. அரசியல்வாதி அதைத் திருப்பிப் போட்டு மாலையாக்கிக்கொண்டார். கலிபோர்னியாவின் ஓக்லண்டில் கறுஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கிய ஹியூ நியூட்டனும் பாபி சீலும் தங்கள் பத்திரிகையைத் தயாரித்த இரவுகளில், என்ன நடக்கிறதென்றே விளங்காமல் திகைக்கும் ஒரு கனவானைப் பற்றிய டிலன் பாட்டை இசைத்தட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதை சீல் எழுதியிருக்கிறார். நியூட்டன் அதற்கு வெள்ளையர் உலகம் கறுப்பரை வேடிக்கை பார்ப்பது பற்றிய ஒரு முழு உரையே சொன்னாராம். டிலன் அதை மனத்தில் வைத்து எழுதினாரா என்பது வேறு. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஆய்வாளர்கள் சிலர், குடலில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவையும் அழற்சியையும் பற்றி 1997இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில், விடை காற்றில் வீசிக்கொண்டிருக்கிறது என்ற டிலன் வரியைக் குறும்பாகச் சேர்த்தார்கள். அதிலிருந்து மருத்துவர்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. 2015இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வு, ஐயத்துக்கு இடமில்லாமல் டிலனைக் குறிக்கும் 213 மருத்துவக் கட்டுரைகளைக் கண்டுபிடித்தது; அதில் 135 கட்டுரைகள் காலம் மாறுகிறது என்ற அந்த ஒரே பாட்டை எடுத்துக்கொண்டவை. மருத்துவர்களின் கற்பனை வளத்தைப் பற்றி இது என்ன சொல்கிறது என்பதை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன்.

இப்படி எந்த வாயிலும் பொருந்துகிற வரி ஒரு தனி மனிதருக்கு எங்கிருந்து கிடைத்தது? பெரும்பாலும் ஏற்கெனவே பல வாய்களில் புழங்கிய பாட்டிலிருந்துதான். மினசோட்டா மாநிலத்தின் இரும்புச் சுரங்க ஊரான ஹிப்பிங்கில் ராபர்ட் சிம்மர்மன் என்ற பெயரில் வளர்ந்த இவர், 1961 ஜனவரியில் பத்தொன்பது வயதில் நியூயார்க் வந்து, மருத்துவமனையில் கிடந்த நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியைத் தேடிப்போய்ப் பார்த்தவர். பழைய பாட்டுகளை அவர் படித்துக் கற்கவில்லை, பாடிக் கற்றார். 1962இல் எழுதிய ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ பாட்டின் மெட்டு, இனி எனக்கு ஏலமேடை இல்லை என்று விடுதலை பெற்ற அடிமைகள் பாடிய பழைய பாட்டிலிருந்து வந்தது. அதே ஆண்டு எழுதிய ‘எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கானா ஃபால்’ பாட்டின் கட்டுமானம், ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் பாடப்பட்டுவந்த ‘லார்டு ராண்டல்’ என்ற கதைப்பாடலின் கட்டுமானம்: எங்கே போயிருந்தாய் மகனே என்று தாய் கேட்கிறாள், மகன் பதில் சொல்கிறான், ஒவ்வொரு பதிலிலும் அவன் உடம்பில் விஷம் ஏறியிருப்பது தெரிகிறது. டிலன் அந்தத் தாயையும் மகனையும் அப்படியே வைத்துக்கொண்டு, விஷத்தை மட்டும் உலகத்தின் மேல் ஏற்றிவிட்டார். எங்கே போயிருந்தாய், என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், யாரைச் சந்தித்தாய், இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. பதில்கள் அடுக்கடுக்காக வருகின்றன, கடைசிப் பதில் எல்லாவற்றிலும் நீளமானது. தாளில் அந்தப் பட்டியல் சலிப்புத் தட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாடும்போது, பல்லவிக்கு எப்போது திரும்புவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பொதுச்சொத்திலிருந்து எடுத்தது பொதுச்சொத்துக்கே திரும்பியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஏலமேடைப் பாட்டின் மெட்டில் ஒரு வெள்ளைக்கார இளைஞன் இப்படியொரு பாட்டு எழுதிவிட்டானே, நாம் எழுதவில்லையே என்ற உறுத்தலில் கறுப்பினப் பாடகர் சாம் குக், மாற்றம் வரும் என்ற பொருளில் தன் மிகச் சிறந்த பாட்டை எழுதினார். 1964இல் அதைப் பதிவு செய்த அவர் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனார். அடிமைகளின் மெட்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு அவர்களின் பேரர்களிடம் வேறு பாட்டாக வந்து சேர்ந்தது.

நான் டிலனைக் கேட்கத் தொடங்கியது வேறொரு பாட்டின் வழியாக. 1980களில் என் சீனியரின் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் இருந்தார். கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி கொண்டுவந்து கொடுத்த ஒரு கேசட்டை, மாலையில் கட்சிக்காரர்கள் போன பிறகு போடுவார். கிடாரும் மௌத் ஆர்கனும், மூக்கால் இழுத்துப் பாடும் ஒரு குரலும். எனக்குப் பாட்டாகவே படவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் ஒரு பாட்டு என் காதில் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல விழுந்தது. பிறகு அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1963 பிப்ரவரியில் பால்டிமோர் நகரின் எமர்சன் ஓட்டலில் பணக்காரர் விருந்து ஒன்றில், வில்லியம் சான்ட்சிங்கர் என்ற 24 வயதுப் புகையிலைப் பண்ணைக்காரர், குடித்துவிட்டு, மது கொண்டுவரத் தாமதமானது என்று ஏசி, 51 வயதுப் பணிப்பெண் ஹாட்டி கேரலைக் கைத்தடியால் அடித்தார். அந்தப் பெண் சில மணி நேரத்தில் இறந்தார். அவர் கறுப்பினத்தவர். மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றம், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று கண்டு, ஆகஸ்ட் 28ஆம் தேதி ஆறு மாதச் சிறையும் அபராதமும் விதித்தது. அதே நாளில்தான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார். டிலன் இந்த வழக்கைப் பாட்டாக எழுதியபோது அவருக்கு 22 வயது.

பாட்டைக் கவனித்துக் கேட்டால், கொன்றவர் வெள்ளையர், இறந்தவர் கறுப்பர் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவனுக்கு அறுநூறு ஏக்கர் பண்ணை இருக்கிறது, பெற்றோர் செல்வாக்கானவர்கள் என்று வரும். அவள் தட்டு எடுப்பாள், குப்பை அள்ளுவாள் என்று வரும். மற்றது கேட்பவர் பொறுப்பு. அவளைப் பற்றிய பத்தியில் அவள் ஒருநாளும் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்ததில்லை, மேசையில் இருந்தவர்களோடு பேசக்கூட இல்லை, மேசையில் மிஞ்சிய உணவைத்தான் துடைத்தெடுத்தாள் என்று மூன்று வரியும் ‘மேசை’ என்ற ஒரே சொல்லில் முடிகின்றன. இயைபுக்கு வேறு சொல் தேடத் தெரியாதவர் அல்லர் அவர். வாழ்நாள் முழுக்க அந்தப் பெண்ணுக்குச் சுற்றிச் சுற்றி வந்து சேர்வது அந்த மேசைதான் என்பதால் பாட்டும் அங்கேயே வந்து முட்டுகிறது. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும், இது அழுவதற்கான நேரமில்லை, முகத்திலிருந்து துணியை எடு என்று நாகரிக மனிதர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருகிறார். அடித்தபோது அழவிடவில்லை, இறந்தபோது அழவிடவில்லை. கடைசிப் பத்தியில் நீதிமன்றம் வருகிறது. சட்டத்தின் முன் அனைவரும் சமம், ஏணியில் மேலும் இல்லை கீழும் இல்லை என்ற பெருமையெல்லாம் நீட்டி முழக்கி வருகிறது. பிறகு, ஆறு மாதத் தண்டனை. அப்போதுதான் துணியை முகத்தில் புதைத்துக்கொள், இப்போது அழு என்கிறார். தீர்ப்புத்தான் குற்றம் என்று அந்த ஒரு திருப்பம் சொல்கிறது. எத்தனையோ தீர்ப்புரைகளைப் படித்தவன் நான்; தண்டனை அளவை இவ்வளவு துல்லியமான இடத்தில் வைத்த எழுத்தை அதிகம் பார்த்ததில்லை.

பாட்டு முழுக்க உண்மை என்று சொல்ல மாட்டேன். பெயரில் ஓர் எழுத்து தவறு. கைத்தடிக் காயம் அல்ல, தாக்குதலும் வசவும் உண்டாக்கிய அதிர்ச்சியில் மூளையில் இரத்தம் கசிந்தே அந்தப் பெண் இறந்தார் என்பது மருத்துவச் சாட்சியம். அந்த வேறுபாடுதான் குற்றச்சாட்டின் தன்மையை மாற்றியது, பாட்டில் அது இல்லை. குற்றவாளித் தரப்பு வழக்கறிஞராக நான் இருந்திருந்தால் அந்தப் பாட்டைக் கேட்டுக் கொதித்திருப்பேன். இருந்தும், 2009இல் சான்ட்சிங்கர் இறந்தபோது அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை அந்தப் பாட்டின் வழியாகவே வாசகர்களுக்கு அடையாளம் காட்டின. நீதிமன்றம் தந்தது ஆறு மாதம். பாட்டு தந்தது நாற்பத்தைந்து ஆண்டு.

பாட்டால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட குத்துச்சண்டை வீரர் ரூபின் கார்ட்டருக்காக டிலன் 1975இல் எழுதிய எட்டு நிமிடப் பாட்டு நாடெங்கும் ஒலித்தது. 1976இல் நடந்த மறுவிசாரணையில் கார்ட்டர் மீண்டும் குற்றவாளி என்றே தீர்ப்பானது. ஒன்பது ஆண்டு கழித்து, 1985இல், ஒரு கூட்டாட்சி நீதிபதி அவரை விடுவித்தது சட்ட மனுவின் பேரில், பாட்டின் பேரில் அல்ல. பாட்டு அவரை மறக்கவிடாமல் வைத்திருந்தது. அதற்கு மேல் அதன் மேல் சுமையை ஏற்றுவது நியாயமில்லை.

பிறரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் டிலனின் பழக்கம் முற்றிப்போன இடங்களும் உண்டு. 2001இல் வந்த அவருடைய ஆல்பத்தின் சில வரிகள், ஜப்பானிய மருத்துவர் ஜுனிச்சி சாகா எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஒட்டியிருப்பது இரண்டு ஆண்டு கழித்து வெளியானது. நூலாசிரியர் கோபப்படவில்லை, பெருமைப்பட்டார். ஆனால் ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் எடுத்தவர், 2020இல் தன் அறுநூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளின் உரிமையை ஒரு பெரும் இசை நிறுவனத்துக்கு விற்றபோது, எடுத்த நீரையும் சேர்த்தே விற்றார் என்று எனக்குத் தோன்றியதை மறைக்கவில்லை. நோபல் உரையில் ஹோமரைப் பற்றியும் மெல்வில்லைப் பற்றியும் பேசியவர், பரிசு அறிவித்த பிறகு இரண்டு வாரம் வாயே திறக்காமல் இருந்ததையும் நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் அதே உரையில் அவர் சொன்ன ஒன்று தங்கள் கட்டுரையாளரின் இரண்டாவது கருத்துக்கு நேரடிப் பதில்: பாட்டு இலக்கியம் போன்றது அல்ல, அது பாடுவதற்கானது, படிப்பதற்கானது அல்ல. நாடகத்தைத் தாளில் படித்துவிட்டு மேடை வெறுமையாக இருக்கிறது என்று குறைசொல்வதுபோலத்தான் மெட்டைக் கழித்துவிட்டு வரியை எடைபோடுவதும். பாடலுக்குப் பரிசா என்று வியப்பதற்கும் இடமில்லை. 1913இல் அதே பரிசைப் பெற்ற தாகூர் இரண்டாயிரத்துக்கு மேல் பாட்டு எழுதியவர், வங்காளத்தில் அவரைப் படித்தவரைவிடப் பாடியவரே அதிகம்.

வங்காளம் என்றதும் இன்னொரு செய்தி. 1967 இறுதியில் வந்த டிலனின் ஆல்பம் ஒன்றின் அட்டைப்படத்தில் அவருக்கு இருபுறமும் நிற்பவர்கள் வங்காளத்தில் ‘பாவுல்’ எனப்படும் நாடோடிப் பாடகர்களான பூர்ண தாஸும் லட்சுமண் தாஸும். டிலனின் மேலாளர் அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்திருந்தார். 1971 ஆகஸ்ட் முதல் தேதி, வங்கதேச அகதிகளுக்கு நிதி திரட்ட ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் நியூயார்க்கில் நடத்திய நிகழ்ச்சியில், நீண்ட இடைவெளிக்குப் பிறகு மேடையேறிய டிலன் முதலில் பாடியது அந்தத் தாயும் மகனும் வரும் பாட்டைத்தான். மழையில் நனைந்த முகாம்களின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருந்த கூட்டத்துக்கு அதன் பல்லவி எழுதியபோது இருந்த பொருளோடு மட்டும் கேட்டிருக்காது. மேகாலயத்தின் ஷில்லாங்கில் லூ மஜா என்ற பாடகர், 1972 முதல் ஒவ்வோர் ஆண்டும் மே 24ஆம் தேதி டிலனின் பிறந்தநாளைப் பாட்டுக் கச்சேரியாகக் கொண்டாடிவருகிறார். அங்கே பிள்ளைகள் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்கிறார்கள்; அவர்களுக்கு 1960களின் நினைவு எங்கிருந்து வரும்?

2016 டிசம்பர் 10ஆம் தேதி ஸ்டாக்ஹோம் விழாவுக்கு டிலன் போகவில்லை. அவருக்குப் பதிலாகப் பாடகி பாட்டி ஸ்மித், மன்னரும் அறிஞர்களும் அமர்ந்திருந்த அவையில் அதே கேள்வி-பதில் பாட்டைப் பாடினார். பாதியில் வரி வரவில்லை. நின்றார். மன்னியுங்கள், மிகவும் பதற்றமாக இருக்கிறது என்று சொல்லி, வாத்தியக்காரர்களிடம் அந்தப் பகுதியை மீண்டும் தொடங்கச் சொன்னார். அவை கைதட்டியது. இளம் வயதிலிருந்து தனக்குள் ஊறிப்போன பாட்டு அது என்றும், வரிகளை மறக்கவில்லை, அவற்றை வெளியே எடுக்க முடியாமல் போனது என்றும் பிறகு எழுதினார். அதுவரை அந்த அவையில் நோபல் நூல் எதுவும் இப்படித் தொண்டையில் சிக்கியிருக்காது.

கடைசியாக ஒரு திருத்தம். 1963 ஆகஸ்ட் 28ஆம் தேதி வாஷிங்டன் பேரணியில் ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ பாட்டை டிலன் பாடினார் என்று கட்டுரையில் உள்ளது. அதை அங்கே பாடியவர்கள் பீட்டர், பால், மேரி என்ற மூவர் குழுவினர். அந்தக் கோடையில் அவர்கள் குரலில்தான் அது அமெரிக்க வானொலிகளில் ஒலித்துக்கொண்டிருந்தது. டிலன் அன்று பாடியவற்றில் ஒன்று, அந்த ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பினத் தலைவர் மெட்கர் எவர்ஸைப் பற்றியது. தன்னுடைய மிகப் புகழ்பெற்ற பாட்டை அன்று வேறு வாய்கள் பாடக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர்,
மதுரை.